எந்தப் பின்? எடின்பரோவில் ஆறு வாரம்

நாள் 1, சனிக்கிழமை

ஸ்காட்லாந்தின் தலைநகரை 'எடின்பர்க்' என்றுதான் ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஊர்ப்பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது, கடைசி நான்கு ஆங்கில எழுத்துகளுக்கும் சேர்த்து இங்கே ஒரு சின்ன மூச்சுதான் செலவழிக்கிறார்கள் என்று. எடின்ப்ரா. ஆங்கிலம் கற்க வந்த ஊரின் பெயரிலேயே முதல் திருத்தம்.

வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: அரை மதிப்பெண். நிலவியலில் முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் எழுத்துப் பிரிவில் 6.5 வாங்க வேண்டும். நான் வாங்கியது 6. மற்ற மூன்று பிரிவுகளிலும் நன்றாகவே வாங்கியிருந்தேன். ஆகவே நிபந்தனையோடு ஓர் அனுமதிக் கடிதம் வந்தது. ஆறு வாரக் கோடைக்கால ஆங்கில வகுப்பில் தேறினால் செப்டம்பரில் உள்ளே வரலாம். தேறாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்து, எட்டு ஆண்டுகள் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிச் சம்பளமும் வாங்கியவள், இனி ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்று யாரிடம் சொல்வது? உறவினர்களிடம் 'முன்தயாரிப்புப் பயிற்சி' என்று சொல்லிவைத்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கும் சொல்லப்போவதில்லை. இந்த ஊரில் நான்கு இருக்கின்றன.

விடுதி அறைக் கதவில் சாவித் துவாரம் கிடையாது, எண் பலகைதான். இரகசிய எண் வந்த மின்னஞ்சலோ, சார்ஜ் தீர்ந்துபோன கைபேசிக்குள் இருந்தது. கீழே அலுவலகத்தில் இருந்த பெரியவரிடம் போய், "எனக்குப் பின் வேண்டும்" என்றேன். அவர் மிகுந்த அன்போடு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். காகிதத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று ஏதோ விளக்கினார். களைப்பில் தலையாட்டிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனேன். கட்டடத்தின் பின்னால் வரிசையாகக் குப்பைத் தொட்டிகள் நின்றன.

தமிழில் எழுதும்போது இரண்டுமே 'பின்'. இரகசிய எண்ணும் பின், குப்பைத் தொட்டியும் பின். போதாததற்குப் பின்னால் என்பதிலும் ஒரு பின். எழுத்தில் வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை. என் வாயிலும் இல்லை என்பதுதான் புதிய செய்தி.

இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

நாள் 3, திங்கட்கிழமை

வகுப்பில் பதினான்கு பேர். எட்டுப் பேர் சீனாவிலிருந்து வந்தவர்கள். மற்றபடி ஒரு சவுதிக்காரர், ஒரு ஜப்பானியர், ஒரு கொலம்பியர், கசகஸ்தான் பெண் ஒருவர், துருக்கிப் பெண் ஒருவர், நான். ஆசிரியை தன் முதல் பெயரைப் பலகையில் எழுதி, இப்படியே கூப்பிடுங்கள் என்றார். ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்கு எழவில்லை. 'மேடம்' என்றேன். அது இங்கே அரச குடும்பத்துக்கும் கடை வாடிக்கையாளருக்கும் உரியதாம், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். சீன மாணவர்கள் எல்லோரும் தயங்காமல் 'டீச்சர்' என்றார்கள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு: வேலை நேரத்துக்கு 'அவுட்வித்' வந்தால் இந்த எண்ணை அழைக்கவும். அச்சுப்பிழை என்று நினைத்துச் சிரித்தேன். அச்சுப்பிழை இல்லை. 'வெளியே, அப்பால்' என்ற பொருளில் ஸ்காட்லாந்தில் சட்ட ஆவணங்களில்கூடப் புழங்கும் சொல் அது. இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேறும்வரை தானே கேள்விப்பட்டதில்லை என்றார் டீச்சர். அவர் அப்படிச் சொன்ன பிறகு என் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

நாள் 5, புதன்கிழமை

இன்று உச்சரிப்பு வகுப்பு. எல்லோரிடமும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லச் சொன்னார் டீச்சர். முதல் எழுத்தில் காகிதம் துள்ள வேண்டும்.

சீன மாணவர்களின் காகிதங்கள் கொடி போலப் பறந்தன. மாண்டரினில் பிறக்கும்போதே அந்த மூச்சு இருக்கிறது. என்னுடையது சாவு வீட்டுத் திரைச்சீலை மாதிரி அசையாமல் நின்றது. மறுபடி, மறுபடி. அசைவே இல்லை.

காரணத்தை டீச்சர் விளக்கினார். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி வரும்போது உதடு திறந்ததும் ஒரு மூச்சு வெடித்து வெளியேறுகிறது. அந்த மூச்சை வைத்துத்தான் அவர்கள் காது இரண்டு ஒலிகளையும் பிரித்தறிகிறது. மூச்சில்லாமல் சொன்னால் அவர்களுக்கு அது மற்ற ஒலியாகவே கேட்கும். நான் சரியாகத்தான் சொன்னேன். தமிழ்ப் 'ப'வைச் சரியாகச் சொன்னேன். அந்தப் பெரியவரும் சரியாகத்தான் கேட்டார். நடுவில் குப்பைத் தொட்டி வந்துவிட்டது.

பம்பரம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஓர் ஒலி, 'ம்'முக்குப் பின் வரும் 'ப' இன்னோர் ஒலி. எழுத்து ஒன்று, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்ற ஏற்பாட்டில் நாம் பல நூற்றாண்டுகளாகச் சௌகரியமாக வாழ்ந்துவருகிறோம். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து நான் பேசிவரும் ஆங்கிலம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது முப்பது வயதில், ஒரு காகிதத் துண்டின் முன்னால்தான் தெரிந்தது.

என் பக்கத்தில் சவுதிக்காரர். அரபியில் அந்த வல்லோசையே கிடையாது. மெல்லிய ஜோடிதான் உண்டு. ஆக, எனக்கும் அவருக்கும் நோய் வேறு, அறிகுறி ஒன்று. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காகிதத்தை ஊதிக்கொண்டிருந்தோம். 'பார்க்கிங்' என்று பத்துமுறை சொன்னார். பத்தாவது முறை காகிதம் துள்ளியதும் எழுந்து நின்று வணங்கினார். வகுப்பே கைதட்டியது. அவர் சொன்ன தவறான வடிவத்தையும் சரியான வடிவத்தையும் இங்கே உங்களுக்கு எழுதிக் காட்ட முடியவில்லை. தமிழில் இரண்டும் பார்க்கிங்தான்.

கொலம்பியருக்கு வேறு வகைத் தொல்லை. 'எஸ்கூல்', 'எஸ்டூடன்ட்' என்று முன்னால் ஓர் உயிரெழுத்தை நட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். ஸ்பானிய மொழியில் அப்படிப்பட்ட கூட்டொலியில் சொல் தொடங்காதாம். என் பாட்டி கடைசிவரை 'இஸ்கூல்' என்றுதான் சொன்னார். இராமனுக்கும் இலட்சுமணனுக்கும் முன்னால் நாம் நட்டுவைத்ததும் இதே முட்டுக்கட்டைதானே? மதிய இடைவேளையில் இதை அவரிடம் விளக்கினேன். பாட்டிக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

நாள் 7, வெள்ளிக்கிழமை

மாலை ஒரு சந்திப்பு. 'ஹாஃப் செவன்' மணிக்கு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குச் சிக்கலே இல்லை: ஏழரை. இந்த ஒரு விஷயத்திலாவது தமிழ் கை கொடுத்தது (ஏழரை நமக்கு வேறு வகையில் கெட்ட பெயர் எடுத்திருந்தாலும்). கசகஸ்தான் பெண் ரஷ்ய மொழியில் வளர்ந்தவர். அந்த மொழியில் 'ஏழின் பாதி' என்றால் ஆறரை. ஏழாவது மணியில் பாதிதான் கடந்திருக்கிறது என்ற கணக்கு. பாவம், ஒரு மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார். தான்தான் முதலில் வந்தேன் என்ற பெருமை மட்டும் மிச்சம்.

நாள் 9, ஞாயிற்றுக்கிழமை

பஸ் நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, "எங்கே தங்கியிருக்கிறாய், ஹென்?" என்றார்.

ஹென் என்றால் பெட்டைக்கோழி. முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது. தங்குவதைப் பற்றி மட்டும் பதில் சொன்னேன்: ஆறு வாரம், மாணவர் விடுதி, பிறகு தெரியாது. அவர் கேட்டது அதுவே அல்ல. இங்கே 'தங்குவது' என்றால் 'குடியிருப்பது'. நாற்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவரும் தங்குகிறார்தான். ஹென்னோ, கிழவிகள் வாய்நிறைய 'கண்ணு' என்பார்களே, அது. வேறொரு நாள், பையைத் தூக்கிக்கொண்டு 'மெசேஜஸ்' வாங்கப் போகிறேன் என்றார் இன்னொருவர். மளிகைச் சாமானுக்கு இங்கே அப்படியும் ஒரு பெயர் உண்டு. ஐஇஎல்டிஎஸ் ஒலிப்பதிவுகளில் ஒரு கிழவிகூட இப்படிப் பேசியதில்லை.

பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நானும் சொன்னேன். முதன்முறையாக என் ஆங்கிலத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நாள் 12, புதன்கிழமை

என் அரை மதிப்பெண் எங்கே போனது என்று இன்று கண்டுபிடித்தேன். மாதிரிக் கட்டுரையில் ஐந்து இடங்களில் 'நிரூபிக்கிறது' என்று எழுதியிருந்தேன். ஐந்தின் கீழும் பச்சை மையில் அலை அலையாகக் கோடு. ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை வைத்து நீ எதையும் நிரூபிக்கவில்லை, 'காட்டுவதாகத் தோன்றுகிறது' என்று வேண்டுமானால் எழுது என்றார் டீச்சர். 'இருக்கலாம்', 'பெரும்பாலும்', 'எனக் கருத இடமுண்டு': பட்டியலே கொடுத்துவிட்டார்.

எட்டு ஆண்டுகள் அறிக்கை எழுதியவளுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் 'இருக்கலாம்' என்று எழுதினால் மேலதிகாரி கோப்பைத் திருப்பி எறிவார்: இருக்கிறதா இல்லையா, அதைச் சொல். இங்கே அதே உறுதிக்கு மதிப்பெண் குறைகிறது. ஆக என் இலக்கணத்தில் கோளாறு இல்லை. கோளாறு என் தொனியில். நம் புலவர்களிடம் 'போலும்' என்று ஓர் அழகான சொல் இருந்தது. அதை நாம்தான் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டோம் போலும்.

நாள் 15, சனிக்கிழமை

ஊரின் நடுவிலேயே அணைந்துபோன ஓர் எரிமலை நிற்கிறது. ஆர்தர்ஸ் சீட், 251 மீட்டர். சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிந்தது. நிலவியல்காரிக்கு இது கோயில். ஜப்பானிய நண்பர் பொறியியல் படிக்க வந்தவர். எரிமலை என்றால் புகைய வேண்டாமா என்று சந்தேகத்தோடுதான் ஏறினார். உச்சியில் காற்று எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் பாரபட்சமின்றி அடித்துக்கொண்டு போனது.

இறங்கிவந்து சாலிஸ்பரி கிராக்ஸ் என்னும் செங்குத்துப் பாறைச் சுவரைக் கீழிருந்தே காட்டினேன். 18ஆம் நூற்றாண்டில் பாறைகள் எல்லாம் ஆதிக் கடலிலிருந்து படிந்தவை என்று பெரும்பாலோர் நம்பினார்கள். இந்த ஊர்க்காரரான ஜேம்ஸ் ஹட்டன் இங்கே வந்து பார்த்தார். மேலே கிடக்கும் கரும்பாறை, கீழே இருக்கும் படிவ அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றைப் பெயர்த்து எடுத்திருக்கிறது. அப்படியானால் அது உருகிய குழம்பாக, அடுக்குகள் உருவான பிறகு வந்திருக்க வேண்டும். பூமி எண்ணிப் பார்க்க முடியாத அளவு பழையது என்ற அவருடைய கோட்பாடு 1785இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு 1788இல் அச்சானது.

நண்பருக்கு நான் சொல்ல ஆசைப்பட்டது இதற்கு அடுத்த பகுதி. ஹட்டனின் எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. வாக்கியங்கள் நீண்டு, சுற்றி, தொடங்கிய இடத்தை மறந்துவிடும். அவர் 1797இல் இறந்தபின், நண்பரும் கணிதப் பேராசிரியருமான ஜான் பிளேஃபேர் அந்தக் கோட்பாட்டைத் தெளிந்த நடையில் விளக்கி 1802இல் ஒரு நூல் எழுதினார். ஹட்டனின் கருத்து பரவியது பெரிதும் அதன் வழியாகத்தான்.

ஜப்பானியர் நின்று யோசித்தார். பிறகு, "அவருக்கும் 6தானா?" என்றார்.

பதினைந்து நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆங்கில வாக்கியம் அது. அதில் வினைச்சொல்லே இல்லை.

நாள் 20, வியாழக்கிழமை

கருத்தரங்கப் பயிற்சி. ஆறு பேர், இருபது நிமிடம், நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்று தலைப்பு. என் தலைப்பு! வெளுத்து வாங்கினேன். முடிந்ததும் டீச்சர் ஒரு தாளை நீட்டினார். அதில் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். என் பெயருக்கு நேரே பதினொரு கோடு. கேள்வி என்ற கட்டத்தில் சுழியம். "நீங்கள் பதில் சொல்கிறீர்கள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை" என்றார்.

சீனப் பெண் ஒருவர் அந்த இருபது நிமிடத்தில் இரண்டே முறை வாய் திறந்தார். இரண்டும் கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதில் தவறு. அதை அப்போது கவனிக்கக்கூட இல்லை. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. காலையில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

நாள் 24, திங்கட்கிழமை

கடலிலிருந்து வெள்ளைப் புகை போல ஒன்று வந்து ஊரை விழுங்கிவிட்டது. அதற்கு 'ஹார்' என்று பெயர். கோட்டையைக் காணோம். எதிர்ச் சாரி நடைபாதையைக் காணோம். சரியாக ஒரு மணிக்கு அந்த வெண்மைக்குள்ளிருந்து பீரங்கி வெடித்தது. துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1861இல் தொடங்கிய வழக்கம், ஞாயிறு நீங்கலாக இன்றும் நடக்கிறது. கொலம்பியர் மேசைக்கடியில் குனிந்துவிட்டார். ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் ஹோட்டல் கோபுரத்துக் கடிகாரமோ, பயணிகள் ரயிலைத் தவறவிடக் கூடாதென்று மூன்று நிமிடம் வேண்டுமென்றே முந்தி ஓடுகிறது. நேரத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்யும் ஊரில் இன்று பஸ் மட்டும் நாற்பது நிமிடம் தாமதம்.

நாள் 29, சனிக்கிழமை

ஆகஸ்ட் பிறந்ததும் ஊரே கலைவிழாவாகிவிட்டது. 1947இல் முதல் சர்வதேச விழா நடந்தபோது, எட்டு நாடகக் குழுக்கள் அழைக்காமலேயே வந்து ஓரமாக நடித்துவிட்டுப் போயின. அந்த ஓரம்தான் இன்று 'ஃப்ரிஞ்ச்'. ராயல் மைல் தெருவில் நூறடி நடப்பதற்குள் கையில் இருபது துண்டுத்தாள்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரு மதுக்கடையின் நிலவறையில் நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனோம். டிக்கெட் கிடையாது, முடிந்ததும் வாசலில் நீட்டும் வாளியில் போட்டால் போதும். கூட்டம் சிரித்தது. அரை நொடி கழித்து நாங்கள் சிரித்தோம். புரிந்து சிரித்தோமா, அவர்கள் சிரித்ததற்காகச் சிரித்தோமா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நாகரிகம் எங்களிடம் இருந்தது. பாதியில் சவுதிக்காரர் மட்டும் தனியாக, எல்லோருக்கும் முந்தி, உரக்கச் சிரித்தார். மேடையில் இருந்தவர் நின்று அவரைப் பார்த்து, "ஒருவருக்காவது புரிந்ததே" என்றார். அந்தச் சிலேடை வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியதாம். எனக்கு விளங்கவில்லை. நண்பருக்கு அந்தச் சொல்லில் எவராலும் அசைக்க முடியாத பயிற்சி.

நாள் 38, திங்கட்கிழமை

இறுதிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். 'இருக்கலாம்' பதினெட்டு இடத்தில். 'நிரூபிக்கிறது' ஓரிடத்திலும் இல்லை. தலை வலிக்கிறது.

நாள் 42, வெள்ளிக்கிழமை

தேறிவிட்டேன். கேள்விக் கட்டத்தில் நான்கு கோடுகள். சவுதிக்காரர் தேறினார், கசகஸ்தான் பெண் தேறினார். ஜப்பானியருக்கு எழுத்துப் பகுதி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மறுதேர்வு. ஹட்டனைச் சொல்லி ஆறுதல் கூறப் போனேன். அவர் அதற்குள் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருந்தார். தொந்தரவு செய்யாமல் ஒரு தேநீரை வைத்துவிட்டு வந்தேன்.

டீச்சரிடம் விடைபெறும்போது முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் கன்னம் சுட்டது.

மாலை விடுதி வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அடுத்து தொடங்கும் நான்கு வாரப் பிரிவுக்கு வந்தவன், பெட்டியில் ஒட்டிய விமானச் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. எந்த நாட்டுக்காரன் என்று கேட்கவில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, பின் எங்கே இருக்கிறது என்றான்.

ஆறு வாரத்துக்கு முன்பு என்றால் அந்த நொடியே பதில் சொல்லியிருப்பேன்.

"எந்தப் பின்?" என்று கேட்டேன்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்துக் காட்டினான். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டின் மிச்சம், கசங்கிய ஒரு பையில்.

"கட்டடத்தின் பின்னால்" என்றேன். காகிதத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று.